பெயரறிவும் இடமறிவும்

உலகின் பல திசைகளிலும் தனக்கு உறவினர் உளர் என்று உண்மையாகவே சொல்லத்தக்க சமுதாயங்கள் மிகச் சில. யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சமுதாயம் அவற்றுள் ஒன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர் இக்குடாநாட்டிலிருந்து புறப்பட்டோர் ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ, சூரிச் முதலிய நகரங்களிற் குடியமர்ந்தனர். வலிகாமம் வடக்கிலுள்ள கடற்கரைச் சிற்றூராகிய மயிலிட்டியும் இதற்கு விலக்கன்று. அவ்வூர்க் குடும்பங்கள் பல இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் கிளைவிட்டு நிற்கின்றன. ஆதலின், உலகப் படத்தை நன்கறிந்த மக்களை எங்கேனும் காணலாமெனின் ஈண்டே காணல் வேண்டும் என்று அயலான் ஒருவன் எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பது சிறிது நேரம் உரையாடிய அளவிலேயே அவனுக்குப் புலனாகும்.

மகன் 'லண்டனில்' இருக்கிறான் என்பர். அவன் வாழ்வது பேர்மிங்காமாக இருக்கும். சில வேளைகளில் இங்கிலாந்தே அன்றி ஸ்கொத்லாந்தாகவும் இருக்கும். மகள் 'கனடாவில்' என்பதற்கு ரொறன்ரோவை அடுத்த சில புறநகரங்கள் என்பதே பொருள். அங்கிருந்து மேற்கே வன்கூவருக்கு விமானம் ஏறினாலும் ஐந்து மணித்தியாலம் செல்லும் என்பதைக் கேட்டு வியப்போர் பலர். சுவிற்சலாந்தையும் சுவீடனையும் ஒன்றாக எண்ணுவோர் உளர். ஒசுத்திரியாவையும் அவுஸ்திரேலியாவையும் மாறாடுவோரும் உளர். இவை இரண்டும் உலகம் முழுவதற்கும் பொதுவான மயக்கங்கள் என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆபிரிக்காவை ஒரு நாடாகக் கருதிப் பேசுதலை அவ்வாறு பொறுத்தல் கடினம். அக்கண்டத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்புரிமை பெற்ற நாடுகள் 54 உள. அங்கு வழங்கும் மொழிகளோ ஏறத்தாழ இரண்டாயிரம். நெடுங்காலம் பள்ளிகளிலே தொங்கிய மேக்கேற்றர் முறைப் படமும் இம்மயக்கத்துக்குத் துணை செய்தது. 1569இல் மாலுமிகளின் பயன்பாட்டுக்கென வரையப்பட்ட அப்படம் திசையைச் சரியாகக் காட்டும், பரப்பைக் காட்டாது. கிறீன்லாந்தும் ஆபிரிக்காவும் அதில் ஏறத்தாழ ஒப்பான அளவின. உண்மையில் ஆபிரிக்கா அதனினும் பதினான்கு மடங்கு பெரிது. மாலுமிக்கென வரைந்த படத்தை மாணவனுக்குக் கொடுத்தோர் அதனை விளக்க மறந்தனர்.

இக்குறை தொடர்பின்மையாற் பிறந்ததன்று என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. தொலைபேசியும் கடவுச்சீட்டும் இல்லாத மலைவாசி உலகறியாதிருத்தலில் வியப்பில்லை. நாள்தோறும் நோர்வேயிலுள்ள பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையிற் காணும் மூதாட்டி, அங்கே நடுப்பகலிலும் ஏன் விளக்கெரிகின்றது என்று வினவாதிருத்தலே வியப்பு. நாடுகள் அவருக்கு உறவினர் முகவரிகளாகவே மனத்திற் பதிந்துள்ளன. 'பெரியவன் டென்மார்க், சின்னவன் ஜேர்மனி' என்னும் அடைவில் இரண்டு நாடுகளும் இரண்டு பிள்ளைகளைப்போலத் தனித்தனியே நிற்கின்றன. அவை ஒன்றோடொன்று எல்லையுடையன, பெரியவன் வண்டியேறிச் சின்னவனைக் காணச் செல்லலாம் என்னும் செய்தி அவ்வடைவில் இடம் பெறுவதில்லை. பெயர் உண்டு, பெயருக்கும் பெயருக்கும் இடையிலுள்ள நிலமும் நீரும் இல்லை. இடமறிவு என்பது அவ்விடைவெளியைப் பற்றிய அறிவே.

பழைய தலைமுறை இவ்வாறிருந்ததில்லை என்பார் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலம் முதலாக மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்றி மீண்ட 'மலாயாப் பென்சன்காரர்' தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் என்னும் ஊர்களை வடக்கிலிருந்து தெற்காக வரிசை தப்பாது சொல்வர். அவர்களுடைய தொழில் அவ்வரிசையைக் கற்பித்தது. தண்டவாளத்தின் வழியே சென்றவனுக்கு ஓர் ஊருக்கு அடுத்த ஊர் எது என்பது தெரியாதிருத்தல் இயலாது. வானூர்தியிற் கண்ணயர்ந்து, எழுந்தபோது வேறு கண்டத்தில் இறங்குபவனுக்கு அவ்வாய்ப்பில்லை. ஆயினும் அவர்களைப் பற்றியும் மிகைபடக் கூறல் வேண்டா. அதே வீட்டுத் திண்ணையில் மலாயா முழுவதும் 'சிங்கப்பூர்' என்ற ஒரே பெயரால் வழங்கியதும் உண்டு.

நாடுகளைப் பற்றிய மயக்கத்தினும் மொழிகளைப் பற்றிய மயக்கம் ஆழமானது. ஒரு நாட்டுக்கு ஒரு மொழி, அந்நாட்டின் பெயரே அம்மொழியின் பெயர் என்னும் எண்ணம் வேரூன்றியுள்ளது. 'சுவிஸ் பாஷை படிப்பதற்குக் கடினமோ?' என்று கேட்பார் பலர். அப்படி ஒரு பாஷை இல்லை. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், உரோமான்சு என்னும் நான்கும் அந்நாட்டின் தேசிய மொழிகள். சூரிச்சிலும் பேர்ணிலும் வாழும் தமிழ்ப் பிள்ளை ஜேர்மன் மொழியிற் கற்கின்றது. ஜெனீவாவிலும் லொசானிலும் வாழும் பிள்ளை பிரெஞ்சு மொழியிற் கற்கின்றது. லுகானோவில் வாழ்வது இத்தாலிய மொழியில். ஆண்டுவிழாவொன்றில் மூவரும் சந்தித்தால் அவர்கள் தம்முட் பேசுதற்குத் தமிழே பொதுமொழியாகவும் கூடும். உரோமான்சு மொழியைப் பேசுவோர் அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். அவ்வாறிருந்தும் 1938இல் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் அந்நாட்டார் அதனைத் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டனர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் தன் மொழி ஒதுக்கப்பட்டதையும், 1987இல் 13ஆவது திருத்தத்தாலேயே அதற்கு ஆட்சிமொழி நிலை கிடைத்ததையும் நினைவிற் கொண்டுள்ள ஒரு சமுதாயம், தன் மக்கள் பல்லாயிரவர் வாழும் நாட்டிலே மிகச் சிறிய மொழியொன்று பெற்ற இவ்வுயர்வை அறியாதிருத்தல் இரங்கத்தக்கது. உரிமைக்கு வாதிடுவோன் கையில் இருக்கவேண்டிய சான்று இது. 'சுவிஸ் பாஷை' என்னும் ஒரு சொல் அதனை மறைத்துவிட்டது.

பெல்சியத்தில் மும்மொழி ஆட்சிமொழி என்பதும், பிரேசிலிற் பேசப்படுவது இசுப்பானியம் அன்று, போர்த்துக்கேயமே என்பதும், ஈரானியர் மொழி அரபு அன்று, பாரசீகமே என்பதும் இவ்வாறே அறியப்படாதவை. சிங்களம் இந்து-ஆரியக் குடும்பத்தது. ஆகவே அது பாரசீகத்துக்கும் நோர்வீஜியத்துக்கும் பிரெஞ்சுக்கும் தூரத்து உறவு. தமிழுக்கு அவ்வுறவு இல்லை. அதன் உறவாகிய பிராகூயி என்னும் மொழி பாக்கித்தானத்துப் பலுச்சித்தானத்திலே தனித்து நிற்கின்றது. வெள்ளவத்தைத் தமிழனுக்கு அயல்வீட்டு மொழி அயற்குடும்பத்தது என்பதும், தொலைவிலுள்ள பாலைநிலத்து மொழி தன் குடும்பத்தது என்பதும் பள்ளியிற் சொல்லப்பட்டிருந்தால் எவன்தான் மறப்பான்?

இனி, தூரநாட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குள் நுழைவோம். மயிலிட்டியிலோ மானிப்பாயிலோ வீட்டுக்கு வந்த விருந்தினரைக் 'கதிரை'யில் இருத்தி, 'யன்னல்' திறந்து, 'அலுமாரி'யிலிருந்து கோப்பை எடுத்து, காலையாயின் 'பாண்' வைத்து உபசரிப்பர். இந்நான்கு சொல்லும் போர்த்துக்கேயம். வாசலிற் கழற்றிய 'சப்பாத்தும்', பிள்ளைகள் இருக்கும் 'வாங்கும்', காணிப் பதிவாகிய 'தோம்பும்' அவ்வாறே. 'கக்கூசு' ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. தோட்டத்தில் நிற்கும் புகையிலை, மிளகாய், மரவள்ளி, முற்றத்து அன்னமுன்னா ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்கு முன் இக்குடாநாட்டில் அவற்றுள் ஒன்றேனும் முளைத்ததில்லை. மிளகாய் இல்லாத யாழ்ப்பாணச் சமையலை இன்று எண்ணிப் பார்க்கவும் இயலாது! பனாட்டும் ஒடியலும் போலப் புகையிலையும் பழம்பொருள் என்று கருதுவோர்க்கு இது கசப்பாக இருக்கலாம். எனினும் உலகப் படத்தைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியனுக்கு ஓர் அடுக்களையும் ஒரு தோட்டமும் போதும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

தீவுப்பகுதிகளின் வரலாறும் அத்தகையதே. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரப் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டனர். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று; அனலைதீவு ரொட்டர்டாம்; வேலணைத் தீவு லைடன்; நெடுந்தீவு டெல்வ்ற். நெடுந்தீவுக்கு அப்பெயர் இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றது. 'லைடன் தீவு' என்று படத்திற் கண்டு, அது யாரோ ஓர் ஆளுநரின் பெயர் என்று எண்ணி வளர்ந்த ஒருவன், பின்னொருநாள் நெதர்லாந்திலே லைடன் நகரப் புகையிரத நிலையத்தில் இறங்கித் திகைத்தால் குறை அவனுடையதன்று.

அறியாமை தமிழர்க்கு மட்டும் உரிய சொத்தும் அன்று. இந்நாட்டை மூன்று நூற்றாண்டுக்கு மேலாக ஆண்ட ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றே வழங்கினர். தமிழில் 1578இற் கொல்லத்தில் அச்சிடப்பட்ட நூலே தன் போர்த்துக்கேயத் தலைப்பில் மலபார் என்னும் பெயரைத் தாங்கியது. மேற்குக் கரையில் முதன்முதல் இறங்கியோர் அங்கே கேட்ட பெயரைக் கிழக்குக் கரைக்கும் ஈழத்துக்கும் இழுத்து வந்தனர். அப்பிழை சட்டத்துள்ளும் புகுந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையை 1806இற் பிரித்தானியர் உறுதிப்படுத்தியபோது, அது யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார்க் குடிகளுக்கு' உரியது என்றே எழுதினர். மலையாளக் கரையைக் கண்ணாலும் கண்டிராத மயிலிட்டி உழவனும் மீனவனும் ஏட்டிலே மலபாரிகளாயினர். அச்சட்டம் இன்றும் செல்லுபடியாவது. சீதனமும் தேடியதேட்டமும் அதன்படியே பிரிகின்றன. ஆட்சியாளரின் இடமறியாமை ஆளப்படுவோரின் பெயராகிவிட்டது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டில்லை. அதற்கு முன்னரே, கிரேக்கப் புவியியலாராகிய தொலமி இத்தீவைத் தப்புரபேனை என்னும் பெயருடன் உண்மையளவினும் பன்மடங்கு பெரிதாக வரைந்து, நடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே நீட்டியிருந்தார். தொலைவில் இருப்பதைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் மனித இயல்பு போலும்.

தமிழர்தம் பழைய நூற்கொள்கை யாதெனின், நாவலந்தீவு முதலாகத் தீவுகள் ஏழு. அவற்றைச் சூழ்ந்து உவர்நீர், கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்னும் கடல்கள் ஏழு. இதனை நகைத்துத் தள்ளுதல் எளிது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியில் வானியலும் புவியியலும் கற்பிக்கப்பட்டபோது இம்மோதல் நேருக்கு நேர் நிகழ்ந்தது. 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும் செமினரித் தலைவர் டானியல் பூரின் கணிப்பும் வேறுபட்டன. வானத்தை நோக்கியபோது பூரின் கணக்கே பொருந்திற்று. அன்று முதல் ஏழு கடற்கொள்கை படித்தோரிடையே மதிப்பிழந்தது என்பர். இழந்தது சரியே. ஆனால் நீதியுடன் பார்க்கின், பாற்கடலை நம்பிய புலவனிடம் உலகம் முழுவதும் ஓர் ஒழுங்காக இருந்தது. எது எதனைச் சூழ்ந்தது, எது எதற்கு அப்பாற்பட்டது என்று அவனாற் சொல்ல முடிந்தது. பொய்ப்படமாயினும் அது படம். அதனைக் கழித்தவர்கள் மெய்ப்படம் ஒன்றை எல்லார் மனத்திலும் பதிக்கும்வரை ஓய்ந்திருத்தல் தகாது. கிரகணத்தில் வென்றவர்களும் தோற்றவர்களும் வாதத்தைச் சமயத்தின்பால் திருப்பிக்கொண்டனர். பூகோளம் பரீட்சைப் பாடமாய் ஒடுங்கிற்று.

நூலாரிடம் இல்லாத வேறோர் அறிவு கடற்கரையில் இருந்தது. சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பெயரைச் சொன்ன மாத்திரத்தே அது எத்திசையினின்று வரும், எத்திங்களில் வரும், எந்நிலையிற் கடல் இருக்கும் என்பதை மயிலிட்டிக் கடற்றொழிலாளன் அறிவான். இரவில் விண்மீன் நோக்கித் திசை துணிந்து மீளவும் அவன் அறிவான். அக்கரையின் கிழக்கேயுள்ள வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கியபோது, அதனை வல்வெட்டித்துறை மாலுமிகளே செங்கடல், மத்தியதரைக் கடல், அற்லாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து செலுத்தி, 1938இல் மசச்சூசெற்சு மாநிலத்துக் குளொஸ்டர்த் துறையிற் சேர்த்தனர். அமெரிக்கா எங்குள்ளது என்பதை வரியளவாக அன்றி அலையளவாக அறிந்த தமிழர் அவர்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் அவ்வறிவைக் கல்வியென மதித்ததில்லை. அது ஒரு சாதியாரின் தொழிற்பழக்கம் என்று ஒதுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கல்வியின் பெரும் பிழைகளுள் இதுவும் ஒன்று என்று துணிந்து கூறலாம்.

மயிலிட்டிக் கரையில் வடக்கு நோக்கி நிற்கும் படித்த இளைஞன் ஒருவனை 'எதிரே இருப்பது எது?' என்று வினவினால், 'இந்தியா' என்பான். சிறிது தெளிந்தவன் 'கோடிக்கரை' என்பான். இரண்டாவது விடையும் பொருந்தாது. கோடிக்கரை வடமேற்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 35 மைல் தொலைவில் உள்ளது. அஃதாவது அங்கிருந்து கிளிநொச்சிக்கு உள்ள நேர்தூரத்தினும் மிக்கதன்று. நேர்வடக்கே செல்லும் வள்ளம் கோடிக்கரையையும் நாகபட்டினத்தையும் இடக்கைப்புறம் விட்டு, 150 மைலுக்கு மேல் ஓடி, புதுச்சேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட கரையையே சேரும். அதே இடத்திலிருந்து மேற்கே ஒரு கோடு இழுத்தால் அது தொண்டி, வைக்கம் ஆகிய ஊர்களை அணுகிச் சென்று, அரபிக்கடல் கடந்து, எதியோப்பியாவையும் நைசீரியாவையும் ஊடறுத்து, அற்லாந்திக்குக்கு அப்பால் கொஸ்தரிக்காவை அடையும். அந்நாடுகளிற் பகலிரவின் நீளம் இவ்வூரதை ஒத்தது; மரவள்ளியும் வாழையும் அங்கும் செழிக்கும். ஒரு கரையில் நின்று ஒரு மணித்தியாலத்திற் கற்பிக்கக்கூடிய பாடம் இது. பாடப்புத்தகமோ தலைநகரங்களின் அட்டவணையைத் தருகின்றது.

அட்டவணையும் குறைந்து வருகின்றது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் வரலாற்றையும் புவியியலையும் 'சமூகக் கல்வி' என்னும் ஒரே பாடத்துள் அடக்கிற்று. பின்னர் அவை பிரிந்தபோதும், சாதாரண தரத்திற் புவியியல் விரும்பினோர் எடுக்கும் பாடமாகவே நின்றது. விஞ்ஞானப் பிரிவை நோக்கும் மாணவன் பதினான்கு வயதுக்குப் பின் உலகப் படத்தைத் தொடாமலே வைத்தியனாகவும் பொறியியலாளனாகவும் வந்துவிடலாம். தன் தொழில்நிமித்தம் அவன் செல்லப்போவது அவுஸ்திரேலியாவாயினும் வீசாப் படிவமே அவனுக்குப் பூகோள நூல்.

இக்குறையின் விளைவை மயிலிட்டியைப்போல வேறெவ்வூரும் அனுபவித்திருக்க முடியாது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவ்வூர் மக்கள் முழுவதாக வெளியேற நேர்ந்தது. பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறையையும் சூழ்ந்த உயர்பாதுகாப்பு வலயத்துள் ஊர் அகப்பட்டது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் ஐந்தாறு கட்டை தூரத்திலிருந்த முகாம்களில் இருபத்தேழு ஆண்டு வாழ்ந்தோர் பலர். அவ்விடைக்காலத்தில் அவ்வூரார் சூரிச்சுக்குப் போய் வந்தனர், ரொறன்ரோவுக்குப் போய் வந்தனர், மயிலிட்டிக்குப் போகக்கூடவில்லை. முகாமிற் பிறந்து முகாமிலேயே பள்ளி சென்ற பிள்ளைக்கு ஊர் என்பது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெற்றோர் பெயரின் கீழ் எழுதிய ஒரு சொல். கடல் எப்பக்கம், சந்தி எப்பக்கம், கோவிலுக்கும் துறைக்கும் எவ்வளவு தூரம் என்பன அதற்குத் தெரியா. தூரநாடுகளை முகவரியாக மட்டும் அறிந்த சமுதாயம் தன் ஊரையும் முகவரியாக மட்டும் அறியும் நிலைக்கு வந்தது.

2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனையடுத்த ஒரு பகுதி நிலமும் விடுவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் வேறு சில பகுதிகளும் திறந்தன. பலாலியிலிருந்து 2019இல் மீண்டும் சென்னைக்கு விமானம் பறந்தது; 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிற்று. மீண்டு வந்தோர் கண்ட நிலத்தில் வீடுகள் இல்லை, வேலி இல்லை, எல்லைக் கதியால் இல்லை, பல இடங்களிற் பழைய ஒழுங்கைகளும் இல்லை. உறுதி கையில் இருந்தது. தோம்பிற் பெயரும் இருந்தது. கிணற்றுக் கட்டொன்று தப்பியிருந்தால் அதிலிருந்து அடியளந்து 'இது எங்கள் காணி' என்றனர் முதியோர். அவர்களும் மறைந்துவிட்ட குடும்பங்களில் இளையோர் நில அளவையாளரை அழைத்து, பழைய அளவைப் படத்தை விரித்து, அதில் எழுதிய எண்ணையும் கோட்டையும் கொண்டு தம் பாட்டன் வளவு எது என்று தேடினர்.